ஒரு வாசல், மூன்று அடுப்பு: குடும்பம் வேறு, குடித்தனம் வேறு

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கட்டில் மூத்த மகன், அவர் மனைவி, பிளஸ் டூ படிக்கும் பையன். பிற்பாடு எடுத்துக் கட்டிய மாடியில் இளைய மகன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. பின்கட்டில் 74 வயது ஆச்சி. தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆச்சி தனக்கு வேண்டியதைத் தானே பொங்கிச் சாப்பிடுகிறார். நடு மகன் துபாயில் எலக்ட்ரீஷியன். அவர் மனைவி பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டில் இருக்கிறார். மூத்த மகனின் பெண் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள்.

இங்கே எத்தனை குடும்பம் என்று ஆச்சியைக் கேட்டால், "இதென்ன கேள்வி, எல்லாம் ஒரே குடும்பம்தான்" என்பார். ரேஷன் கடையில் கேட்டால் மூன்று கார்டு என்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரும் ஆசிரியரும் மூன்று என்றே எழுதிக்கொள்வார். பூர்வீகச் சொத்து இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை என்றால், வக்கீல் ஒன்று என்பார். நான்கு பேரும் சொல்வது சரிதான், ஏனென்றால் ஒவ்வொருவரும் எண்ணுவது வேறு வேறு பொருளை. ஆச்சி உறவை எண்ணுகிறார், கணக்கெடுப்பவர் அடுப்பை எண்ணுகிறார், வக்கீல் சொத்தை எண்ணுகிறார். தமிழில் மூன்றையும் 'குடும்பம்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஆனால் நம்மிடம் இன்னொரு நல்ல சொல்லும் இருக்கிறது: குடித்தனம். "அந்த வீட்டில் மூன்று குடித்தனம் இருக்கு" என்று சொல்லும்போது எவருக்கும் குழப்பம் வருவதில்லை. தனிக்குடித்தனம், ஒண்டுக்குடித்தனம் என்ற சொற்களெல்லாம் அதிலிருந்து வந்தவை. இந்தக் கட்டுரையில் இரத்தத்தாலும் கல்யாணத்தாலும் வரும் உறவைக் குடும்பம் என்றும், ஒன்றாக வசித்து ஒன்றாகப் பொங்கிச் சாப்பிடும் கூட்டத்தைக் குடித்தனம் என்றும் சொல்லப்போகிறேன். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், பெரியவர்கள் எந்த வயதில் யாரோடு வாழ்கிறார்கள் என்ற புள்ளிவிவரங்களைப் பயமில்லாமல் படிக்கலாம்.

அடுப்பை வைத்து எண்ணுவது

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடித்தனத்துக்கு உள்ள விளக்கம் ரொம்ப எளிமையானது. வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். வேலை நிமித்தம் ஒருவர் வெளியில் சாப்பிட்டாலும் அவர் அதே குடித்தனம்தான். அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது.

இதை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்க வேண்டும். திருப்பூரில் ஒரே அறை எடுத்து, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடும் ஐந்து ஒடிசா இளைஞர்கள் ஒரு குடித்தனம். அவர்களுக்குள் எந்த உறவும் இல்லை, ஆனால் அடுப்பு ஒன்று. நம் தென்காசி வீட்டில் அம்மாவும் மகன்களும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், ஆனால் அடுப்பு மூன்று, ஆகவே குடித்தனமும் மூன்று. ஊரில் அண்ணன் தம்பி பிரிவதை "அடுப்பு பிரிஞ்சாச்சு" என்று சொல்கிறோமே, கணக்கெடுப்பின் விளக்கமும் அதே புத்திதான். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் பத்து வருஷம் ஆகலாம், பேச்சுவார்த்தை தொடரலாம், தீபாவளிக்குச் சேர்ந்தே பலகாரம் சுடலாம். தினசரிச் சோறு எந்த உலையில் வேகிறது என்பதுதான் கேள்வி.

விடுதிகளை என்ன செய்வது? உறவில்லாத பலர் ஒரு நிறுவனத்தில் தங்கி ஒரே சமையலறையில் சாப்பிட்டால், கணக்கெடுப்பு அதை நிறுவனக் குடித்தனம் என்று தனியாகப் பிரித்துவிடுகிறது. மாணவர் விடுதி, சிறை, ஆசிரமம், அனாதை இல்லம் எல்லாம் இதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு நடுத்தரப் பேரூராட்சியின் மக்கள்தொகை அது. அத்தனை பேரும் வயது வந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு குடும்பம் உண்டு, ஆனால் எவரும் இங்கே தன் குடும்பத்தோடு இல்லை. நம் மூத்த மகனின் பெண் இப்படி ஒரு விடுதியில்தான் இருக்கிறாள் என்றால், கணக்கெடுப்பின்படி அவள் தென்காசி வீட்டில் இல்லை.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. தேசிய மாதிரி ஆய்வும் ஒரே சமையலறை என்ற விளக்கத்தையே வைத்திருக்கிறது. ஆனால் விடுதியில் தங்குகிறவரை அது தனி ஆள் குடித்தனமாக எழுதிக்கொள்கிறது. அதாவது 200 பேர் தங்கும் ஒரு விடுதி, கணக்கெடுப்பில் ஒரு நிறுவனக் குடித்தனம், மாதிரி ஆய்வின் பார்வையில் 200 ஒற்றை ஆள் குடித்தனங்கள். அமெரிக்காவின் மாதாந்திர மக்கள்தொகை ஆய்வு இன்னொரு வழியில் போகிறது. கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவரை அது பெற்றோர் வீட்டிலேயே இருப்பதாகக் கணக்கில் வைக்கிறது. "அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் இவ்வளவு பேர் பெற்றோரோடு வாழ்கிறார்கள்" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், விடுதி மாணவர்களும் அதற்குள் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எப்படி எண்ணினார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தத் துறையில் நடக்கும் பாதிச் சண்டைகள் அதைப் பார்க்காததால் வருபவை.

அடுப்பின் விலை

இது வெறும் புள்ளிவிவரக்காரர்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் புதிதாகக் குடும்ப அட்டை வாங்கத் தனியாக வசித்துத் தனியாகச் சமைக்க வேண்டும். விண்ணப்பித்தால் வந்து அடுப்பைப் பார்ப்பார்கள். சமையல் எரிவாயு விநியோக ஆணையும் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்று சொல்லி, ஒரே சமையலறையோடு சேர்ந்து வாழ்கிறவர்களைத்தான் ஒரு குடித்தனமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு குடித்தனத்துக்கு ஒரு இணைப்பு. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான் மாதம் 1,000 ரூபாய் பெற முடியும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கார்டில் இருந்தால் ஒருவருக்குத்தான் அந்தப் பணம். கார்டு பிரிந்தால், மற்றத் தகுதிகள் பொருந்தும்போது இருவருக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே சோறு சேர்ந்து பொங்கினாலும் கார்டில் பிரிந்திருப்பவர்கள் உண்டு. கார்டில் சேர்ந்திருந்தாலும் சோறு தனித்தனியாகப் பொங்குகிறவர்களும் உண்டு. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்த வருமானத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு 1,000 ரூபாய் பெரிய பணம். ஆனால் ரேஷன் கார்டு எண்ணிக்கையை வைத்து "இத்தனை குடும்பங்கள் உடைந்துவிட்டன" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சொத்துச் சட்டத்துக்கு அடுப்பைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை. இந்து கூட்டுக்குடும்பம் என்பது சட்டத்தில் பொதுச் சொத்தும் பங்குரிமையும் சேர்ந்த ஒரு அமைப்பு. வருமான வரித் துறை அதைத் தனி வரிதாரராகவே ஏற்கிறது, தனி பான் எண் கூட உண்டு. அண்ணன் சென்னையிலும் தம்பி கோவையிலும் வாழ்ந்துகொண்டு சட்டப்படி ஒரே கூட்டுக்குடும்பமாக இருக்க முடியும். மகள்களுக்கு அந்தச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, நாடு முழுவதற்கும் 2005இல். பக்கத்துக் கேரளம் 1975இல் ஒரு சட்டம் போட்டு, இந்து கூட்டுக்குடும்பச் சொத்து முறையையே நீக்கிவிட்டது. அதனால் அங்கே ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் யாரும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிடவில்லை. நீங்கியது சட்ட அமைப்பு, பந்தி அப்படியே இருந்தது.

2011 சொன்ன கணக்கு

இப்போது சில எண்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 24.67 கோடி குடித்தனங்கள். 2001இல் 19.2 கோடி. பத்து ஆண்டில் மக்கள்தொகை 100க்கு 17.7 வீதம் கூடியபோது, குடித்தனங்கள் 100க்கு 28க்கு மேல் கூடின. தமிழ்நாட்டில் இடைவெளி இன்னும் பெரியது. மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது, குடித்தனங்களோ 30 சதவீதம். 7.21 கோடிப் பேர் 1.85 கோடிக் குடித்தனங்களில் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு குடித்தனத்துக்கு 4 பேர் கூட இல்லை, 3.9தான்.

நாடு முழுவதற்குமான இன்னொரு பட்டியலும் ரொம்பச் சுவாரசியமானது. ஒரு குடித்தனத்தில் எத்தனை தம்பதிகள் இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். 100 குடித்தனங்களில் 70இல் ஒரே ஒரு தம்பதி. 13 அல்லது 14இல் இரண்டு தம்பதிகள். மூன்றும் அதற்கு மேலும் உள்ளவை ஐந்துக்கும் குறைவு. தம்பதியே இல்லாதவை 11 அல்லது 12. தனி ஆளாக வாழ்பவர்களின் குடித்தனம் 100க்கு 4 கூட இல்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் வரும் முதல் எண்ணம் எல்லாருக்கும் ஒன்றுதான்: கூட்டுக்குடும்பம் அழிந்துவிட்டது. பட்டிமன்றத்திலும் கேட்கிறோம், கல்யாண வீட்டிலும் கேட்கிறோம். இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தக் கவலை புதிதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் கணக்கெடுப்பு 1951இல். அப்போதே இந்தியக் கிராமங்களில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோதான் இருந்தார்கள். அந்த அறிக்கையும் இதைப் பார்த்துவிட்டு, கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகும் பழக்கம் வலுவாக இருக்கிறது என்றே எழுதியது. எழுபத்தைந்து வருஷமாக அழிந்துகொண்டே இருக்கும் ஒன்று இன்னும் முழுசாக அழியவில்லை என்றால், நாம் பார்க்கும் விதத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் காலத்தில் எல்லாரும் தாத்தா பாட்டியோடு பெரிய வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆயுசு இடம் கொடுத்திருக்காது. 1941-51 பத்தாண்டில் இந்தியாவில் பிறக்கும்போது எதிர்பார்க்கப்பட்ட சராசரி ஆயுள் 32 வயது. குழந்தைச் சாவுகள்தான் அந்தச் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தன என்பது உண்மை. அப்படியிருந்தும், பேரன் கல்யாணத்தைப் பார்க்க உயிரோடு இருந்த தாத்தாக்கள் இன்றைக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. மூன்று தலைமுறை ஒரே உலையில் சாப்பிட, முதலில் மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். குஜராத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ.எம். ஷா குடும்பத்தையும் குடித்தனத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். நீண்ட ஆயுள் கூட்டுக் குடித்தனத்துக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை எடுத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கணக்கெடுப்பு ஒரே ஒரு நாளில் எடுத்த புகைப்படம். குடித்தனமோ நகர்ந்துகொண்டே இருப்பது. நம் தென்காசி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி கல்யாணமாகி வந்தபோது மாமனார், மாமியார், கொழுந்தன்மார் எல்லாரும் ஒரே அடுப்பு. மாமனார் போனதும் அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள், ஆச்சியும் தாத்தாவும் மூன்று பையன்களும் சின்னக் குடித்தனம் ஆனார்கள். மூத்தவருக்குக் கல்யாணம் ஆனதும் மறுபடி கூட்டுக் குடித்தனம். இளையவருக்கும் கல்யாணம் ஆகி, தாத்தாவும் போனபிறகு மூன்றாகப் பிரிந்தது. நாளைக்கு ஆச்சியால் அடுப்பு மூட்ட முடியாமல் போனால், ஏதோ ஒரு மகன் வீட்டு உலையில் அவருக்கும் அரிசி விழும். அப்போது அது மறுபடியும் மூன்று தலைமுறைக் குடித்தனம். மானுடவியலில் இதைக் குடித்தனத்தின் வளர்ச்சிச் சுழற்சி என்பார்கள். மேயர் ஃபோர்ட்ஸ் 1950களில் இந்தக் கருத்தை முறையாக எடுத்து வைத்தார். ஒரே ஆள் தன் ஆயுளில் மூன்று முறை கூட்டிலும் இரண்டு முறை தனியிலும் வாழ்ந்திருப்பார். கணக்கெடுப்பு வரும் வருஷத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழும்.

ஆகவே 'எத்தனை தனிக்குடித்தனம்' என்ற கேள்வியைவிட, 'எந்த வயதில் யாரோடு' என்ற கேள்வி நமக்கு நிறையச் சொல்லும். அதைப் பார்ப்போம்.

எந்த வயதில் யாரோடு

பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை உள்ள மணமாகாதவர்களில் பெரும்பாலோர் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் விடுதி. ஒரு தலைமுறைக்கு முன்னால் வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன, பெண்களுக்கு அப்படி இடமே குறைவு. அப்புறம் மில் விடுதிகள், தொழிற்சாலை விடுதிகள், தனியார் லேடீஸ் ஹாஸ்டல்கள், அரசின் தோழி விடுதிகள் என்று பெண்களுக்கும் இடம் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் இளம் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் பெற்றோரும் இல்லாமல் கணவனும் இல்லாமல் சில வருஷம் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாட்டிகளுக்கு வாய்க்காத காலகட்டம் அது. இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன். ஆனால் அது எண்ணிக்கையில் தெளிவாகத் தெரிவதில்லை. விடுதி நிறுவனக் குடித்தனம் ஆகிவிடுவதால், அந்தப் பெண்கள் சாதாரணக் குடித்தனங்களின் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கல்யாணம். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் பாதை பிரிகிறது. மணமான ஆண் பெற்றோரோடு இருந்தால் அவன் இருக்கும் இடத்தில் இருக்கிறான். பெண் இடம் மாறுகிறாள். "பெற்றோரோடு வாழும் வயது வந்த பிள்ளைகள்" என்று புள்ளிவிவரத்தில் ஒரு வரி வந்தால், நம் ஊரில் அது பெரும்பாலும் மகன்களைப் பற்றிய வரி. மருமகள் அதே வீட்டில் இருந்தாலும் 'குடும்பத் தலைவரின் மருமகள்' என்று வேறு கட்டத்தில் போய்விடுவாள். அவளுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்ற கேள்விக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பதில் சொல்கிறது. அவள் கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் இது பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. குடித்தனம் என்பது சொத்துப் பத்திரத்தையும் தாண்டி நிற்கும் இடம் இது.

துபாயில் இருக்கும் நடு மகனின் நிலை இன்னொரு மாதிரி. கல்யாணமானவர், ஆனால் அங்கே அறைத் தோழர்களோடு ஒரு குடித்தனம். மனைவி இங்கே தன் தாய்வீட்டுக் குடித்தனத்தில். பணம் மாதாமாதம் வருகிறது, வீடியோ காலில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் நடக்கிறது. குடும்பமாக அவர்கள் ஒன்று, குடித்தனமாக இரண்டு நாட்டில் இரண்டு. 2011 விதிப்படி, கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவர் அந்தக் குடித்தனத்தில் எண்ணப்பட மாட்டார். அந்த வீட்டில் பொங்கும் அரிசிக்குக் காசு அனுப்புகிறவர் அந்த வீட்டின் பட்டியலில் இல்லை.

நாற்பதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பள்ளிக் கட்டணம், இன்னொரு பக்கம் அப்பாவின் சர்க்கரை மாத்திரை என்று இருக்கும் வயது. இந்த வயதில் குடித்தனம் அவ்வளவு சீக்கிரம் உருமாறுவதில்லை, சுமைதான் மாறும்.

அறுபதுக்குப் பிறகு

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும், முக்கியமாகத் தமிழ்நாட்டில். 2011இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 100க்கு 10.4 பேர். நாட்டின் சராசரி 8.6. பிள்ளைகளோ குறைவு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆச்சிக்கு மூன்று மகன்கள், அவர் பேத்தியின் காலத்தில் ஒன்றோ இரண்டோ. யாரோடு இருப்பது என்ற கேள்விக்குப் பதில்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

2017-18இல் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களுடைய துணைகளுமாக 72,000 பேருக்கு மேல் சந்தித்து ஒரு பெரிய முதுமை ஆய்வு நடந்தது. அதன்படி 60 கடந்தவர்களில் 100க்கு சுமார் 41 பேர் துணையோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் வாழ்கிறார்கள். 28 பேர் துணை இல்லாமல் பிள்ளைகளோடு. 20 பேர் துணையோடு மட்டும், அதாவது கிழவனும் கிழவியுமாக. சுமார் 6 பேர் தனியாக. ஆக 100க்கு 69 முதியவர்கள் ஏதாவது ஒரு பிள்ளையோடுதான் இருக்கிறார்கள். கூட்டுக்குடும்பம் அழிந்துவிட்டது என்பவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடித்தனங்களை எண்ணினால் சின்னக் குடித்தனங்கள் மிகுந்து தெரிகின்றன. முதியவர்களை எண்ணினால் பிள்ளைகளோடு வாழ்கிறவர்கள் மிகுந்து தெரிகிறார்கள். இரண்டும் ஒரே நாட்டைப் பற்றிய உண்மைகள். மூன்று மகன்களில் ஒருவரோடு அம்மா இருந்தால், குடித்தனக் கணக்கில் இரண்டு தனி, ஒன்று கூட்டு. அம்மாவின் கணக்கில் நூற்றுக்கு நூறு கூட்டு.

ஆனால் தனியாக இருக்கும் அந்த 6 பேரில் பெரும்பாலோர் பெண்கள். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. கணவன் மனைவியைவிட வயதில் மூத்தவர், பெண்கள் கொஞ்சம் அதிகம் வாழ்கிறார்கள், மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொள்வதும் உண்டு. 2011இல் 60 கடந்த ஆண்களில் 100க்கு 82 பேருக்கு மனைவி உயிரோடு இருந்தார். பெண்களில் பாதிப் பேருக்குத்தான் கணவர் இருந்தார். முதுமையில் தனிமை என்பது நம் ஊரில் பெரும்பாலும் ஒரு விதவைத் தாயின் கதை.

தனியாகப் பொங்குவதெல்லாம் கைவிடப்பட்ட நிலை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே காம்பவுண்டுக்குள் அம்மா தனி அடுப்பு வைத்திருப்பது சகஜம். "என் கை கால் ஓடுற வரைக்கும் எவ கையையும் எதிர்பார்க்க மாட்டேன்" என்று தானாகவே அடுப்பைப் பிரித்துக்கொண்ட ஆச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதியம் மாடியிலிருந்து ஒரு கிண்ணம் மீன்குழம்பு இறங்கி வரும், சாயங்காலம் பேரன் வந்து ஆச்சியிடம் முறுக்கு வாங்கித் தின்பான். படிவத்தில் இவரும் ஒற்றை ஆள் குடித்தனம். சென்னையில் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருக்க, நான்காவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவும் ஒற்றை ஆள் குடித்தனம். மூன்றாவதாக, மகன்கள் பக்கத்துத் தெருவில் இருந்தும் எட்டிப் பார்க்காமல், நூறு நாள் வேலையிலும் முதியோர் ஓய்வூதியத்திலும் காலம் தள்ளும் ஒருவர் இருப்பார். அவருக்கும் அதே கட்டம்தான். இந்த மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடக்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள், கூடவே மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும்: பக்கத்தில் யார் இருக்கிறார்கள், செலவுக்கு யார் தருகிறார்கள், ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவார்?

கைவிடப்பட்டவர்களுக்காக 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும், மறுத்தால் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. இன்னொரு முக்கியமான பிரிவும் உண்டு. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வீட்டையோ நிலத்தையோ எழுதி வாங்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். ஆகவே பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதும் பெரியவர்கள், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வது நல்லது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் அதிகம் பேர் ஆக வேண்டும் என்பது என் ஆசை.

படிவத்தோடு ஆள் வரும்போது

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கோவிட்டால் தள்ளிப்போனது. மேலே சொன்ன கணக்கெடுப்பு எண்கள் எல்லாம் 2011இலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். அடுத்ததற்கான குறிப்பு நேரம், அதாவது எந்த நேரத்து மக்கள்தொகையைக் கணக்கில் எடுக்கிறார்களோ அது, பிப்ரவரி முடிந்து 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பனி சூழும் மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. அதற்கு முன்னால் வீடுகளைப் பட்டியலிடும் கட்டம் உண்டு. இந்த முறை செல்பேசியில் பதிவு செய்கிறார்கள், விரும்புகிறவர்கள் தாங்களே இணையத்தில் நிரப்பவும் செய்யலாம்.

அப்போது நம் தென்காசி வீட்டில் என்ன சொல்ல வேண்டும்? முதலில் அடுப்பை எண்ணுங்கள். ஆச்சி தனியாகச் சமைத்தால், "அம்மாவும் எங்களோடுதான்" என்று பாசத்தில் ஒரே படிவத்தில் சேர்க்காதீர்கள். அவர் தனிக் குடித்தனம், அவரே அதன் தலைவர். குடும்பத் தலைவர் என்பவர் அதிகம் சம்பாதிக்கிறவராகவோ ஆணாகவோ இருக்க வேண்டியதில்லை, அந்தக் குடித்தனத்தில் இருப்பவர்கள் யாரைத் தலைவர் என்கிறார்களோ அவர். விடுதியில் இருக்கும் பெண்ணை இங்கே சேர்த்தால் அவள் இரண்டு இடத்தில் எண்ணப்படுவாள். துபாய்க்காரரைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சில வீடுகளில் அம்மாவுக்கு முறைச்சோறு உண்டு: ஒரு மாதம் மூத்தவர் வீடு, ஒரு மாதம் இளையவர் வீடு. அவரை எங்கே எழுதுவது? இரண்டு வீட்டிலும் எழுதிவிடுவதும் நடக்கும், "அவங்க வீட்டில் எழுதியிருப்பாங்க" என்று இரண்டு வீட்டிலும் விட்டுவிடுவதும் நடக்கும். 2011 விதியின்படி, கணக்கெடுப்பு நடக்கும் நாட்கள் முழுவதும் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கே அவரை எழுத வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் பிப்ரவரி மூத்தவர் முறை என்றால், மூத்தவர் வீட்டுப் படிவத்தில் அம்மா பெயர் வர வேண்டும். அண்ணனும் தம்பியும் அதற்கு முன்னால் ஒரு தடவை போனில் பேசிக்கொண்டால் போதும்.